கடலுக்குப் போகலாமா என்று ஏஐ-யிடம் கேட்டால்: ஏபிஐ கருவிகளை எழுதிவைப்பதும் சோதிப்பதும்

"நாளைக்கு தெக்க போகலாமா?" என்று பாம்பன் நாட்டுப்படகுக்காரர் ஒருவர் செல்போனில் கேட்டால், இன்றைய ஏஐ உதவியாளர்கள் தடையில்லாத தமிழில் பதில் சொல்லிவிடுகின்றன. பேச்சு சரளமாக இருப்பதால் தகவலும் சரியாக இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். தவறாகிப்போனால் "ஏஐ தப்பாச் சொல்லிருச்சு" என்று அதற்குள் இருக்கும் மொழி மாடலைக் குறை சொல்கிறோம். பல நேரங்களில் பிழை இருக்கும் இடம் வேறு. அந்த உதவியாளருக்குப் பின்னால் இருக்கும் கருவியைப் பற்றி யாரோ எழுதிவைத்த நாலு வரிக் குறிப்பில்தான் அது இருக்கிறது.

அந்தக் குறிப்பை எப்படி எழுதவேண்டும், எழுதியது சரியா என்று எப்படிச் சோதிக்கவேண்டும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். எடுத்துக்காட்டுகள் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையிலிருந்து வருகின்றன. ஒரு சொல் இடம் மாறினால் உயிரும் பிழைப்பும் பாதிக்கப்படும் இடம் என்பதால், இந்தத் தொழில்நுட்ப விஷயம் இங்கே தெளிவாகப் புரியும்.

ஏபிஐ, கருவி, ஏஜென்ட்

ஒரு கணினி நிரல் இன்னொரு நிரலிடம் தகவல் கேட்கவோ வேலை சொல்லவோ வகுத்துவைத்திருக்கும் வழிதான் ஏபிஐ. வானிலை சர்வரிடம் இடத்தையும் தேதியையும் அனுப்பினால் காற்றின் வேகம் திரும்பி வரும். ரயில் டிக்கெட் செயலி முதல் யுபிஐ வரை எல்லாம் இப்படித்தான் ஓடுகின்றன.

மொழி மாடல் பழைய எழுத்துகளைப் படித்துப் பயின்றது. நாளை விடியற்காலை மன்னார் வளைகுடாவில் காற்று எப்படி இருக்கும் என்பது அதற்குத் தெரியாது. அதனால் சில ஏபிஐ-களை அதன் கைக்கு எட்டும்படி வைக்கிறார்கள். அப்படி வைக்கப்படும் ஒவ்வொன்றும் ஒரு கருவி. கேள்வியைப் பார்த்து எந்தக் கருவி தேவை என்று தானே முடிவெடுத்து, தேவைப்பட்டால் ஒன்றன்பின் ஒன்றாகப் பல கருவிகளைக் கூப்பிட்டு வேலையை முடிக்கும் அமைப்புக்கு ஏஜென்ட் என்று பெயர்.

நடப்பது இதுதான்:

1. கேட்பவரின் கேள்வியோடு கருவிப் பட்டியலும் மாடலுக்குப் போகிறது. ஒவ்வொரு கருவிக்கும் அடிப்படையில் மூன்று விவரங்கள் இருக்கும்: பெயர், விளக்கம், என்னென்ன உள்ளீடு தரவேண்டும் என்ற அமைப்பு.
2. மாடல் ஒரு கருவியைத் தேர்ந்தெடுத்து, உள்ளீடுகளை நிரப்பி, ஒரு கோரிக்கையை எழுதுகிறது. எழுத மட்டுமே செய்கிறது. சர்வரைத் தானாகத் தொடுவதில்லை.
3. மாடலைச் சுற்றியிருக்கும் நிரல் அந்தக் கோரிக்கையை ஏபிஐ-க்கு அனுப்புகிறது.
4. கிடைத்த விடை எழுத்தாக மாடலிடம் திரும்புகிறது. அதைப் படித்து மாடல் இன்னொரு கருவியைக் கூப்பிடும், அல்லது பதில் சொல்லும்.

ஓபன்ஏஐ நிறுவனம் 2023 ஜூனில் 'ஃபங்ஷன் காலிங்' என்ற பெயரில் தன் ஏபிஐ-யில் இதற்கு வசதி செய்தது. ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்ற பொது நெறியை வெளியிட்டது; சுருக்கமாக எம்சிபி என்கிறார்கள். ஒரு கருவியை ஒருமுறை இந்த நெறிப்படி எழுதிவைத்தால், அதை ஏற்கும் எந்த ஏஜென்ட்டும் பயன்படுத்தலாம். இவற்றுக்கு முன்பே, ஏபிஐ-களை விவரிக்க 'ஸ்வாகர்' என்ற முறை இருந்தது. 2016 முதல் அதன் பெயர் ஓபன்ஏபிஐ. ஓபன்ஏஐ நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, பெயர்தான் குழப்புகிறது.

மேலே உள்ள முதல் படியைத் திரும்ப ஒருமுறை பார்க்கவேண்டும். கருவிக்குள் எத்தனை ஆயிரம் வரி நிரல் இருந்தாலும் மாடலின் கண்ணில் படுவது அந்தப் பெயரும் விளக்கமும் உள்ளீட்டு அமைப்பும்தான். அங்கே எழுதாதது மாடலைப் பொறுத்தவரை இல்லாதது.

மனிதருக்கு எழுதிய ஆவணம் ஏன் போதவில்லை

ஏபிஐ ஆவணங்களைப் படித்துவந்தவர்கள் நிரலாளர்கள். ஆவணத்தில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் அவர்கள் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார்கள், கூட வேலை செய்பவரைக் கேட்பார்கள், விடையில் ஒரு எண் வினோதமாக இருந்தால் சந்தேகப்படுவார்கள். ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டதை அடுத்த முறை மறக்கமாட்டார்கள். ஏஜென்ட் ஒவ்வொரு உரையாடலையும் புதிதாகத் தொடங்குகிறது. விட்டுப்போன இடத்தைப் பொருத்தமாகத் தோன்றும் ஊகத்தால் நிரப்பிக்கொண்டு மேலே போய்விடும். ஊகித்தது வெளியே தெரியவும் தெரியாது.

இதனால்தான் ஏற்கெனவே இருக்கும் ஓபன்ஏபிஐ ஆவணத்தை அப்படியே மாற்றி நூறு கருவிகளாக ஏஜென்ட்டிடம் கொடுப்பது சரிப்படுவதில்லை. நூறு விளக்கமும் மாடல் படிக்கவேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும். 'வானிலை எடு', 'வானிலை விவரம் எடு', 'வானிலைச் சுருக்கம் எடு' என்று ஒன்றுபோல் மூன்று இருந்தால் எதை எடுப்பது என்று அது தடுமாறும். கேட்பவர் செய்ய நினைக்கும் வேலைக்கு ஒன்று என்ற கணக்கில் குறைவான கருவிகளை வைத்து, ஒன்றின் எல்லை எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று எழுதிவைப்பதே நல்லது.

ஒரு கருவியைக் கிட்டத்தில் பார்ப்போம்

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மீனவர் எச்சரிக்கைகளையும், ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் மையத்தின் கடல்நிலைக் கணிப்புகளையும் திரட்டி வைத்திருக்கும் ஒரு சர்வர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு அவசரத்தில் எழுதப்படும் கருவிக் குறிப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

பெயர்: வானிலை_எடு
விளக்கம்: வானிலைத் தகவலைத் தரும்.
உள்ளீடு: இடம், தேதி.

நிரல் பிழையில்லாமல் ஓடும். ஆனால் இந்த மூன்று வரிக்குள் குறைந்தது ஐந்து ஆபத்து இருக்கிறது.

1. எந்தக் கடல்? பாம்பனுக்கும் மண்டபத்துக்கும் இரண்டு பக்கமும் கரை. வடக்கே பாக் நீரிணைப் பக்கம் வடகடல், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். வடகிழக்குப் பருவத்தில் வாடை அடிக்கும்போது வடகடல் கொந்தளிக்கும். தெற்குவாடிப் பக்கம் அந்த அளவுக்கு இருக்காது. தென்மேற்குப் பருவத்தில் நிலைமை மாறும். 'இடம்: பாம்பன்' என்று மட்டும் அனுப்பினால் எந்தக் கடலின் விடை வருகிறது என்பது சர்வரை எழுதியவருக்கே வெளிச்சம். கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு ஒரு மதிப்பு என்றே கணிப்பு வரும். அந்தக் கட்டம் பெரியதாக இருந்தால் இன்னும் மோசம். 0.25 பாகைக் கட்டம் என்பது சுமார் 27 கிலோமீட்டர். பாம்பன் கால்வாயின் இரு பக்கக் கடலும் நடுவிலிருக்கும் நிலமும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். கட்டத்தின் அளவு குறிப்பில் இருக்கவேண்டும்.

2. எந்த அலகு? விடையில் 'காற்று: 25' என்று வருகிறது. மணிக்கு 25 கிலோமீட்டர் என்றால் சாதாரணக் காற்று. 25 நாட், அதாவது மணிக்கு 25 கடல்மைல், என்றால் மணிக்கு 46 கிலோமீட்டர். மீனவர்கள் போகவேண்டாம் என்று அறிவிக்கும் அளவை ஒட்டிய வேகம். விநாடிக்கு 25 மீட்டர் என்றால் மணிக்கு 90 கிலோமீட்டர். வானிலைத் துறையின் கணக்கில் அது தீவிரப் புயல். அலகு எழுதாத 25-ஐ மாடல் கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டு, "லேசான காற்றுதான்" என்று சொல்லிவிடும்.

3. எந்த நேரம்? பல சர்வர்கள் உலகப் பொது நேரத்தில் இயங்குகின்றன. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். நவம்பர் 29 அதிகாலை 2:30-க்குப் புறப்படும் படகுக்கு வேண்டியது, பொது நேரப்படி நவம்பர் 28 இரவு 9 மணிக் கணிப்பு. 'தேதி: 29' என்று அனுப்பினால் கணிப்பு காலை 5:30-லிருந்துதான் தொடங்கும். அதற்குள் படகு நடுக்கடலில் இருக்கும். ராத்திரி ஒரு மணிக்கு ஒருவர் 'நாளைக்கு' என்றால் அவர் நினைப்பது பொழுது விடிந்தபின் வரும் பகலை. காலண்டரில் அது இன்றைய தேதி.

4. எந்த உயரம்? கடல்நிலைக் கணிப்பில் வரும் அலை உயரம், இருப்பதிலேயே உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. 1.5 மீட்டர் என்று இருந்தால், ஒற்றை அலை ஒன்று ஏறக்குறைய 3 மீட்டர் வரை எழும்பக்கூடும். வல்லம் என்ற சிறு படகில் போகிறவருக்கு அந்த ஒற்றை அலைதான் கணக்கு. இதை விளக்கத்தில் எழுதாவிட்டால் மாடல் "அலை ஒன்றரை மீட்டருக்கு மேல் போகாது" என்று சொல்லும்.

5. விடை வெறுமையாக வந்தால்? இதைத் தனியாகப் பேசவேண்டும்.

வெற்று விடையும் 11-ஆம் எண் கூண்டும்

ஏஜென்ட் கருவிகளில் நான் மிகவும் அஞ்சும் பிழை இது. எச்சரிக்கைகளை வாங்கிவரும் நிரல் வானிலை சர்வரைத் தொடர்புகொள்கிறது. மறுமுனை பதில் தரவில்லை. நிரல் நின்றுவிடக் கூடாது என்று எழுதியவர், அந்தச் சூழலில் காலிப் பட்டியல் ஒன்றைத் திருப்பித் தரும்படி வைத்திருக்கிறார். நிரலாளர்களிடையே சகஜமான பழக்கம்தான். மாடலுக்குக் கிடைப்பது 'எச்சரிக்கைகள்: காலி'. அது நேர்மையாகப் படித்து, "இப்போது எச்சரிக்கை எதுவும் இல்லை" என்று சொல்கிறது. இந்தச் சங்கிலியில் யாருமே பொய் சொல்லவில்லை. ஆனால் கேட்டவருக்குக் கிடைத்தது பொய். அதுவும் புயல் நாளில் சர்வர்களும் இணைப்பும் திணறும் என்பதால், இந்தப் பொய் வரக்கூடாத நேரத்தில்தான் அதிகம் வரும்.

துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு முறை இதை முன்பே யோசித்து வைத்திருக்கிறது. கூண்டு எண்கள் 1 முதல் 11 வரை. பாம்பனில் கூண்டு ஏற்றும் செய்தியைப் படிக்கிறவர்களுக்குச் சிறிய எண்கள் பழக்கம். 10 வரையிலான எண்கள் புயலின் தூரத்தையும் வலிமையையும் அது கரை கடக்கும் பக்கத்தையும் சொல்கின்றன. 11-ஆம் எண் புயலைப் பற்றி எதையும் அளந்து சொல்வதில்லை. வானிலை எச்சரிக்கை மையத்துடன் தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலைக்கு வாய்ப்பிருப்பதாக இங்குள்ள அதிகாரி கருதுகிறார் என்பதே அதன் பொருள். 'எனக்குத் தகவல் வரவில்லை' என்பதற்கே ஒரு தனிக் குறியீடு, அதுவும் வரிசையின் உச்சியில். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலில் பாம்பன் ரயில் பாலமும் உடைந்து தீவு துண்டிக்கப்பட்டது. மௌனத்தை 'ஆபத்தில்லை' என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை இந்தக் கரைக்கு விளக்கத் தேவையில்லை.

ஆகவே கருவியின் விடையில் 'நிலை' என்ற புலம், அதாவது அந்தத் தகவலுக்கான தனி இடம், கட்டாயம் இருக்கவேண்டும். அதற்கு மூன்று மதிப்பு: எச்சரிக்கை உண்டு, எச்சரிக்கை இல்லை, தெரியவில்லை. மூன்றாவது வந்தால் என்ன சொல்லவேண்டும் என்பதும் குறிப்பிலேயே இருக்கவேண்டும்.

இன்காய்ஸ் வெளியிடும் மீன்வளப் பகுதி அறிவிப்பும் இப்படித்தான். கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் பசுமைநிறத்தையும் செயற்கைக்கோள் வழியாகப் பார்த்து, மீன் கூடக்கூடிய இடங்களை அது குறிக்கிறது. மேகம் மூடியிருந்தால் செயற்கைக்கோளுக்குக் கடல் தெரியாது, அறிவிப்பும் இருக்காது. அந்த நாளில் காலி விடையைப் பார்த்து ஏஜென்ட் "இன்று மீன் இல்லை" என்று சொன்னால் அது கருவிக் குறிப்பை எழுதியவரின் பிழை.

திருத்தி எழுதிய குறிப்பு

மேலே சொன்னவற்றில் எச்சரிக்கைக் கருவிக்கு உரியவற்றைச் சேர்த்தால் குறிப்பு இப்படி மாறும்:

பெயர்: மீனவர்_எச்சரிக்கை_எடு
எதற்கு: வடகடல், தென்கடல் இரண்டில் ஒன்றுக்கு, படகு புறப்படும் நேரத்தில் செல்லுபடியாகும் மீனவர் எச்சரிக்கையைத் தரும்.
எதற்குக் கூடாது: ஊருக்குள் மழை, வெயில் பற்றிய கேள்விக்கு இது வேண்டாம். அலை உயரத்துக்கு 'அலை_கணிப்பு_எடு'.
உள்ளீடு 1, கடல்: 'வடகடல்' அல்லது 'தென்கடல்' மட்டும். கேட்பவர் பாம்பன், மண்டபம் என்று ஊரை மட்டும் சொன்னால் ஊகிக்க வேண்டாம். எந்தப் பக்கம் என்று கேட்கவும்.
உள்ளீடு 2, புறப்படும் நேரம்: இந்திய நேரத்தில். எடுத்துக்காட்டு: 2025-11-29 02:30.
விடை: நிலை, காற்று வேகம் (மணிக்கு கிலோமீட்டர்), எச்சரிக்கை வெளியான நேரம், எதுவரை செல்லும், வெளியிட்டவர்.
கவனிக்க: நிலை 'தெரியவில்லை' என்றால் எச்சரிக்கை இல்லை என்று சொல்லக் கூடாது. தகவல் கிடைக்கவில்லை என்று சொல்லி, மீன்துறை அலுவலகத்தில் கேட்கச் சொல்லவும். எந்த நிலையிலும் 'தைரியமாகப் போகலாம்' என்று உறுதி தரக் கூடாது.

'எதுவரை செல்லும்' என்ற புலம் எளிதில் விட்டுப்போகும். கரையை விட்டுச் சில கடல்மைல் தாண்டினால் செல்போன் சிக்னல் போய்விடும். புறப்படும் முன் கேட்ட பதில்தான் திரும்பி வரும்வரை கையில் இருக்கும். அந்தப் பதிலுக்கு ஒரு காலக்கெடு உண்டு என்று கேட்டவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

விளக்கத்தைத் தமிழில் எழுதுவதா ஆங்கிலத்தில் எழுதுவதா என்று கேட்கிறார்கள். பெரும்பாலான மாடல்களில் ஒரே செய்திக்குத் தமிழ் எழுத்து அதிக டோக்கன்களை (மாடல் எழுத்தைப் பிரித்துப் படிக்கும் துண்டுகளை) எடுத்துக்கொள்ளும், செலவும் கூடும். விளக்கம் எந்த மொழியிலும் இருக்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் 'தெக்க', 'வடக்க', 'விடியக்காலம்', 'போட்' என்று கரையில் பேசும் சொற்கள் எந்த உள்ளீட்டு மதிப்பைக் குறிக்கின்றன என்பது தமிழில், பேச்சு வழக்கிலேயே, எடுத்துக்காட்டோடு இருக்கவேண்டும். அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

பிழைச் செய்தியும் குறிப்பின் பகுதிதான்

கோரிக்கை தவறு என்று பொருள்படும் 'பிழை 400' மட்டும் திரும்பினால் ஏஜென்ட் அதே கோரிக்கையை மறுபடி அனுப்பும், அல்லது கருவியை விட்டுவிட்டுத் தன் நினைவிலிருந்து பதில் சொல்லும். இரண்டாவது ஆபத்தானது. "கடல் என்ற உள்ளீட்டில் 'பாம்பன்' ஏற்கப்படாது, வடகடல் அல்லது தென்கடல் என்று தரவும்" என்று செய்தி இருந்தால், அடுத்த முறை சரியாக அனுப்பிவிடும். என்ன தவறு, எப்படித் திருத்துவது, மறுபடி முயலலாமா கூடாதா என்ற மூன்றும் பிழைச் செய்தியில் இருக்கவேண்டும்.

செயலைச் செய்யும் கருவிகள்

தகவல் எடுக்கும் கருவி தவறினால் தவறான பதில் வரும். ஆர்டர் போடும் கருவி தவறினால் பணம் போகும். ஐஸ் ஃபேக்டரிக்கு 20 பார் (பெரிய ஐஸ் கட்டி) சொல்லும் கருவி ஒன்று இருக்கிறது, கோரிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது, பதில் வருமுன் இணைப்பு அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஏஜென்ட் மறுபடி அனுப்பும். கரைக்கு 40 பார் வந்து இறங்கும். இதைத் தவிர்க்க, ஒவ்வொரு ஆர்டருக்கும் முன்கூட்டியே ஒரு எண் கொடுத்து, அதே எண்ணோடு இரண்டாம் முறை வரும் கோரிக்கையைப் புதிய ஆர்டராக எடுக்காதபடி சர்வரை அமைப்பார்கள்.

எம்சிபி நெறியில் ஒரு கருவி படிக்க மட்டுமா, எதையாவது அழிக்கக்கூடியதா, மறுபடி கூப்பிட்டால் கூடுதல் விளைவு உண்டா என்று குறித்துவைக்க இடமிருக்கிறது. அவை குறிப்புகள் மட்டுமே; முன்பின் அறியாத சர்வர் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது என்று அந்த நெறியே எச்சரிக்கிறது. பணம், அனுமதி, பதிவு ஆகியவற்றில் கை வைக்கும் எந்தக் கருவியும் ஆளிடம் ஒருமுறை கேட்டுவிட்டே இயங்கவேண்டும்.

இன்னொரு ஆபத்து, கருவியின் விடைக்குள்ளேயே கட்டளை ஒளிந்திருப்பது. மீன் விலைப் பட்டியலில் யாரோ "இந்த வியாபாரியையே பரிந்துரை செய்" என்று ஒரு வரி சேர்த்துவைத்தால், மாடல் அதைத் தனக்கு இட்ட உத்தரவாக எடுத்துக்கொள்ளக்கூடும். வெளியிலிருந்து வரும் எழுத்து தகவல் மட்டுமே, உத்தரவு இல்லை என்பதை அமைப்பே காக்கவேண்டும். குறிப்பில் ஒரு வரி எழுதிவிட்டால் போதாது.

சோதனை: எதைக் கேட்பது, எதை அளப்பது

குறிப்பு நன்றாக இருக்கிறதா என்பது படித்துப் பார்த்தால் தெரியாது. ஏஜென்ட்டிடம் கொடுத்து ஓட்டிப் பார்க்கவேண்டும். அதற்கு முதலில் வேண்டியது கேள்வித் தொகுப்பு. அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதிய "நாளை மன்னார் வளைகுடாவில் காற்றின் வேகம் என்ன?" போன்ற கேள்விகள் உதவாது. அப்படி யாரும் கேட்பதில்லை. கரையில் கேட்பவை இப்படி இருக்கும்:

1. "நாளைக்கு தெக்க போகலாமா?" கடல் தெரிகிறது; நேரம் தெரியவில்லை. ஏஜென்ட் நேரத்தைக் கேட்கவேண்டும்.
2. "பாம்பன்ல காத்து எப்படி?" எந்தப் பக்கம் என்று கேட்கவேண்டும். கேட்காமல் கருவியைக் கூப்பிட்டால் தோல்வி, தற்செயலாகச் சரியான எண் வந்தாலும்.
3. "மே மாசம் போட் இறக்கலாமா?" கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், நாட்டுப்படகுகளுக்கு இல்லை. படகு எது என்று தெரியாமல் பதில் இல்லை.
4. "நண்டு என்ன விலை போகுது?" எச்சரிக்கைக் கருவியைத் தொடவே கூடாது.
5. "போன வாரம் ராத்திரி காத்து எத்தனை அடிச்சுச்சு?" கருவி பழைய தகவல் தராது. தெரியாது என்று சொல்லவேண்டும்.
6. முதல் கேள்வியே மறுபடி, ஆனால் இம்முறை வானிலை சர்வரை வேண்டுமென்றே துண்டித்துவிட்டு.

நிஜக் கடல் நாளுக்கு நாள் மாறும் என்பதால், சோதனையில் நிஜ சர்வரை வைத்தால் நேற்றைய மதிப்பெண்ணையும் இன்றையதையும் ஒப்பிட முடியாது. விடைகளை முன்பே எழுதிவைத்த போலி சர்வர் ஒன்றை வைத்துக்கொள்ளவேண்டும். அமைதியான நாள், வாடை அடிக்கும் நாள், புயல் நாள், தொடர்பு அறுந்த நாள் என்று நாலு வகையாவது அதில் இருக்கவேண்டும்.

அளக்கவேண்டியவை:

1. சரியான கருவியை எடுத்ததா. தேவையில்லாதபோது எடுக்காமல் இருந்ததா. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஃபங்ஷன் காலிங் தரவரிசையில் இந்த இரண்டாவதைத் தனியாகவே சோதிக்கிறார்கள்.
2. உள்ளீடுகள் சரியா. இதை நிரலே ஒப்பிட்டுச் சொல்லிவிடும்.
3. விடையில் இருந்தது பதிலில் மாறாமல் வந்ததா. 'தெரியவில்லை' என்பது 'இல்லை' என்று ஆகிவிட்டதா.
4. செயல் கருவி என்றால் கடைசியில் பதிவேட்டில் இருப்பது என்ன. "ஆர்டர் போட்டாச்சு" என்று ஏஜென்ட் சொல்வதை எடுத்துக்கொள்ளக் கூடாது. பதிவேட்டைத் திறந்து பார்க்கவேண்டும்.
5. எத்தனை முறை கருவியைக் கூப்பிட்டது, எவ்வளவு நேரமும் டோக்கனும் ஆனது.

பதிலை இன்னொரு மாடலைக் கொண்டு மதிப்பிடும் வழக்கமும் பரவியிருக்கிறது. பேச்சு மரியாதையாக இருந்ததா, புரியும்படி இருந்ததா என்று பார்க்க அது உதவும். எண், நேரம், நிலை ஆகியவற்றை நிரல்தான் சரிபார்க்கவேண்டும்.

ஒருமுறை சரியாகச் சொன்னால் போதுமா

மாடல்கள் ஒரே கேள்விக்கு ஒவ்வொரு முறையும் ஒரே பாதையில் போவதில்லை. எனவே ஒவ்வொரு கேள்வியையும் பலமுறை ஓட்டி, எல்லா முறையும் தவறாமல் சரியாகச் செய்ததா என்று பார்க்கவேண்டும். ஒரு முறைக்கு வெற்றி வாய்ப்பு 90 சதவீதம் என்றால் கேட்க நன்றாக இருக்கிறது. தொடர்ந்து எட்டு முறையும் வெற்றிபெறும் வாய்ப்பு 43 சதவீதம்தான். சியரா என்ற ஏஐ நிறுவனம் ஏஜென்ட்களை அளக்க 2024-இல் வெளியிட்ட டௌ-பெஞ்ச் சோதனை இந்த அளவுகோலைத்தான் பயன்படுத்தியது. அதில் அன்றைய முன்னணி மாடலான ஜிபிடி-4ஓ பாதிக்கும் குறைவான பணிகளையே முடித்தது. சில்லறை விற்பனைப் பகுதியில் எட்டு முறையும் சரியாகச் செய்த விகிதம் 25 சதவீதத்துக்கும் கீழே. மாடல்கள் அதற்குப் பிறகு முன்னேறியிருக்கின்றன. ஆனால் தினமும் விடியற்காலை கேட்கப்படும் கேள்விக்கு, சராசரி மதிப்பெண் போதாது என்ற கணக்கு அப்படியே நிற்கிறது.

தவறுகளை ஒரே கூட்டுத்தொகையாகவும் எழுதக் கூடாது. கணக்கு நோட்டில்போல இரண்டு பத்தியாகப் பிரிக்கவேண்டும். ஆபத்து இருக்கும்போது இல்லை என்றது ஒரு பத்தி. இல்லாதபோது இருக்கிறது என்றது இன்னொரு பத்தி. முதலாவது உயிர்ச் சேதம். இரண்டாவதும் சின்னது இல்லை. ஒருநாள் மீன்பாடு போனால் டீசல், ஐஸ், கூலி என்று கடன் ஏறும். பொய் எச்சரிக்கை பழகிவிட்டால் நிஜ எச்சரிக்கையையும் யாரும் மதிக்கமாட்டார்கள். முதல் பத்தியில் ஒன்று விழுந்தாலும் அந்தக் கருவி வெளியே போகக் கூடாது. இரண்டாவதைப் படிப்படியாகக் குறைக்கலாம். இந்தக் கோடு எங்கே என்று முடிவெடுக்கும் மேசையில் படகோட்டிகளும் இருக்கவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

தோற்றால் எங்கே திருத்துவது

தோற்ற உரையாடல்களை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கவேண்டும். மதிப்பெண் எங்கே தவறியது என்று சொல்லும். ஏன் என்பது வாசித்தால்தான் கிடைக்கும். ஏஜென்ட் ஒரே உள்ளீட்டில் திரும்பத் திரும்பத் தவறினால், பெரும்பாலும் அந்த உள்ளீட்டின் பெயரோ விளக்கமோ மங்கலாக இருக்கும். 'இடம்' என்பதை 'கடல்' என்று மாற்றி இரண்டே மதிப்பை அனுமதித்தால், பத்து வரி அறிவுரையால் தீராத தவறு தீர்ந்துவிடும். தவறு நேரவே முடியாதபடி உள்ளீட்டை அமைப்பது முதல் வேலை, விளக்கத்தைத் தெளிவாக்குவது இரண்டாவது, பெரிய மாடலுக்கு மாறுவது கடைசி.

இதில் ஒரு கண்ணி உண்டு. கேள்வித் தொகுப்பைப் பார்த்துப் பார்த்தே குறிப்பைத் திருத்தினால், அந்தக் கேள்விகளுக்கு மட்டும் பொருந்தும் குறிப்பு உருவாகிவிடும். தொகுப்பில் ஒரு பகுதியைத் தனியே பூட்டிவைத்து, கடைசியில் மட்டும் எடுத்து ஓட்டவேண்டும்.

எப்போதெல்லாம் மறுபடி ஓட்டவேண்டும்

குறிப்பில் ஒரு சொல் மாறினாலும், மாடல் மாறினாலும், தகவல் தரும் சர்வர் தன் வடிவத்தை மாற்றினாலும் முழுத் தொகுப்பையும் மறுபடி ஓட்டவேண்டும். குறிப்புக்குப் பதிப்பு எண் இட்டு, எந்தப் பதில் எந்தப் பதிப்பிலிருந்து வந்தது என்று பதிந்துவைத்தால்தான் பின்னால் காரணம் தேட முடியும்.

தேதி எல்லைகளுக்குத் தனிக் கேள்விகள் வேண்டும். தடைக்காலத்தைக் கணக்கிடும் கருவி உலகப் பொது நேரத்தில் ஓடினால், அதற்கு ஏப்ரல் 15 பிறப்பது நம் நேரப்படி காலை 5:30-க்கு. அன்று அதிகாலை 4 மணிக்கு விசைப்படகுக்காரர் கேட்டால் தடை இன்னும் தொடங்கவில்லை என்று சொல்லிவிடும். ஜூன் 15 அதிகாலை 4 மணிக்குக் கேட்டால் தடை இன்னும் முடியவில்லை என்று சொல்லும். இந்த இரண்டு கேள்விகளையும், அதே நேரத்தில் நாட்டுப்படகுக்காரர் கேட்பதாக இன்னும் இரண்டையும், ஒவ்வொரு ஆண்டும் மார்ச் மாதத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிடவேண்டும்.